இலை உயரத்தில் உட்கார்ந்து பார்த்தவள்

காலை ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏறுகிற நாங்கள் மடியில் எதையாவது வைத்துக்கொண்டுதான் வருவோம். தொடுக்க வேண்டிய பூ, உரிக்க வேண்டிய பூண்டு, தலை சாய்த்துத் தூங்க ஒரு பை. அவள் மடியில் திங்கட்கிழமைதோறும் ஒரு சதுரப் பிளாஸ்டிக் தட்டு இருக்கும். மூடி போட்டது. அதைப் படுக்க வைக்க மாட்டாள். இரண்டு கையாலும் நிமிர்த்திப் பிடித்தபடியே திருத்தணியிலிருந்து சென்னை வரை வருவாள். மூக்கு அரித்தால்கூட என்னிடம் தட்டைக் கொடுத்துவிட்டுத்தான் சொறிந்துகொள்வாள். "நேரா புடிங்கக்கா, சாயக் கூடாது" என்பாள். அப்போதும் ஒரு கண் தட்டின் மேல்தான்.

கொய்யாப்பழம் விற்கிற அம்மாள் ஒருத்தி இதைப் பல வாரமாகக் கவனித்துவிட்டு ஒருநாள் பொறுக்காமல் கேட்டே விட்டாள்.

"இன்னாத்துக்கும்மா இத்த கொயந்தைய புடிக்கிறாப்ல புடிச்சுகினு வர்றே?"

அவள் மூடி வழியாகக் காட்டினாள். கடல்பாசி ஜெல்லி மாதிரி ஒன்றின் மேல் வரிசையாகக் குட்டிக் குட்டி நாற்றுகள். கடுகுச் செடிக்குத் தூரத்துச் சொந்தமாம், ஒரு களைச்செடி. மயிரிழை போல வேர்கள் நேராகக் கீழே இறங்கியிருந்தன.

"சாய்ச்சா இன்னா ஆவும்?"

"கேட்டுப் பாக்கலாம்" என்றாள் அவள். இதுதான் அவள் அடிக்கடி சொல்லும் வார்த்தை. ஒரு வாரமாகக் கட்டிக் காத்த தட்டை அந்த அம்மாளின் கண்ணெதிரே ஒரு பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். அரக்கோணத்தில் இறங்கி வேறு பெட்டிக்கு மாறிப்போன கொய்யாக்காரம்மாள் ஆவடி தாண்டி மறுபடி எங்கள் பெட்டிக்கு வந்து குனிந்து பார்த்தாள். எல்லா வேரின் நுனியும் கீழ்நோக்கி லேசாக வளைந்திருந்தது. அந்த அம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அதற்கு முன்னும் பின்னும் அவள் ரயிலில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"வேர் நுனியில மாவுத் துகள் இருக்கும்மா. தட்டைத் திருப்பினா அதெல்லாம் உருண்டு கீழ்ப்பக்கம் போய்ப் படியும். அதை வெச்சுத்தான் கீழே எதுன்னு வேருக்குத் தெரியும். உடனே ஆக்சின்னு ஒரு பொருளை அந்தப் பக்கமா அனுப்புது. அந்தப் பக்கம் வளர்றது மட்டுப்படுது, மேல்பக்கம் வளருது, அப்ப வளையாம என்ன பண்ணும்? தண்டுக்கும் அதே ஆக்சின்தான். ஆனா தண்டுல அது சேர்ந்த பக்கம் வேகமா வளரும், அதனால தண்டு மேலே திரும்பும். ஒரே சேதி. தண்டுக்கு வளருன்னு அர்த்தம், வேருக்கு நில்லுன்னு அர்த்தம்."

"எங்க வூட்டுலயும் அப்படித்தான்" என்றேன் நான். "எங்கம்மா ஒரே வார்த்தைய எங்கிட்ட சொன்னா செல்லம், மருமவகிட்ட சொன்னா வசவு."

பெட்டியே சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "அந்தப் பொண்ணு பேரு என்னக்கா?" என்று கேட்டாள். வேறு யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

என் தம்பி பெண்டாட்டியின் பெயர் சுகுணா. அவள் கதைக்கு வருகிறேன்.

ரயிலில் தட்டோடு வந்த இவள் எங்கள் வீட்டு மாடியில் சில வருஷம் குடியிருந்தவள். சித்தூர்ப் பக்கம் சொந்த ஊர். செடிகளை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவள். வேலை சென்னையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில். ஊரில் இருக்கிற நைனாவை, அதாவது அப்பாவைப் பார்க்கப் போக பஸ்ஸும் வேலைக்குப் போக ரயிலும் இங்கிருந்து தோது என்று திருத்தணியில் தங்கினாள். தெருவுக்கு அவள் டாக்டரம்மா. எதிர்வீட்டு அம்மாள் முட்டிவலிக்கு மருந்து கேட்டு வந்தபோது, "நான் அந்த டாக்டர் இல்லம்மா, செடி எப்படி வளருதுன்னு பாக்கறவ" என்றாள். "அதுல இன்னா பாக்கறதுக்கு கீது? தண்ணி ஊத்தினா வளருது" என்று அந்த அம்மாள் முட்டியைத் தடவிக்கொண்டே இறங்கிப் போனாள்.

தண்ணி ஊற்றினால் வளர்கிறது என்று அவளால் மட்டும் அப்படி விட்டுவிட முடியாது. பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் கூடையில் முளைவிட்ட உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து, தீய்ந்த வாசனை கீழே எங்கள் வீடு வரைக்கும் வந்துவிடும். நான் சத்தம் போட்டபடி மேலே போனால், கரண்டியும் கையுமாக நின்றபடி, "இருட்டுல இருக்கிற முளை எவ்வளவு வெளுப்பா, எவ்வளவு நீட்டமா இருக்குன்னு பாருங்கக்கா, வெளிச்சத்தைத் தேடிகினு போவுது. ஜன்னலண்ட இருக்கிறது குட்டையா பச்சையா நின்னுடுச்சு. அதுக்குத் தெரியுது பாருங்க, வெளிச்சத்துக்கு வந்துட்டோம்னு" என்பாள். நான் அடுப்பைத் துடைப்பேன். ஒருமுறை வேலை முடிந்து திரும்பி வரும்போது அவசரத்தில் திருப்பதி வண்டியில் ஏறி, பக்கத்து சீட்டுக்காரியின் கறிவேப்பிலைக் கட்டைப் பார்த்தபடியே திருத்தணியைக் கோட்டைவிட்டு ஆந்திராவுக்குள் போய் இறங்கினாள். ஒரு இணுக்கில் இலைகள் மாறி மாறி வருவதற்கு யார் கணக்குச் சொல்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தாளாம்.

எனக்கு அப்போது இதெல்லாம் கொஞ்சம் கிறுக்காகத்தான் தெரிந்தது. அதிகம் படித்தவர்களுக்கு உலகத்தில் ஆச்சரியம் குறைந்துபோகும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். என் அலுவலகத்தில் படித்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள். இவளுக்கு ஒவ்வொன்று தெரிய வரும்போதும் ஆச்சரியம் கூடிக்கொண்டே போனது.

சுகுணா கதை இதுதான். என் தம்பிக்குப் பெண் அமையாமல் இழுத்துக்கொண்டே போனது. எங்கள் அம்மா கழனி ஓரத்து முனீஸ்வரனிடம் ஒரு வேண்டுதல் வைத்தாள். மருமகள் வந்துவிட்டால் அவள் கையாலேயே தினமும் பொழுது சாய விளக்கேற்றி, விடிகிற வரைக்கும் அணையாமல் பார்த்துக்கொள்வதாக. வைகாசியில் கல்யாணம் நடந்தது. சுகுணாவும் ஏற்றினாள். ஆனால் கழனிக் காற்றில் அகல்விளக்கு எத்தனை நேரம் நிற்கும்? சாமி விளக்கு அணைந்தால் ஆகாது என்று தம்பி மோட்டார் ரூமிலிருந்து ஒயரை இழுத்து, முனீஸ்வரன் பக்கத்தில் கம்பம் நட்டு, எல்.இ.டி. ஃபோகஸ் லைட் ஒன்றை மாட்டிவிட்டான். சாமிக்கும் ஆச்சு, காட்டுப்பன்றியும் வராது என்று முகத்தைக் கழனிப் பக்கம் திருப்பி வைத்தான். சுவிட்சை மட்டும் சுகுணா கையால்தான் போட வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. அவள் ஒருநாள் தவறவில்லை.

அந்தக் கழனியில் ஆடியில் சாமந்தி நட்டார்கள். ஆவணியில் நுனி கிள்ளினார்கள். நுனியைக் கிள்ளினால்தான் பக்கத்தில் கிளை வெடித்துப் பூ அதிகம் வரும். புது மருமகள் கையால் ஆகட்டும் என்று அம்மாவே சொல்லி, கழனி முழுக்க சுகுணாவைக் கிள்ள வைத்தாள். மோட்டார் ரூம் மூலையில் பாம்பு இருக்கிறது என்று அவள் பயந்ததால் அந்த இடத்தை மட்டும் தம்பி கிள்ளினான்.

ஐப்பசி பிறந்தது. சுற்றிலும் இருந்த கழனிகளில் எல்லாம் மொட்டு வந்தது. எங்கள் கழனியில் செடி தளதளவென்று இடுப்புக்கு வளர்ந்து நின்றது, மொட்டு மட்டும் இல்லை. மருந்தடித்துப் பார்த்தார்கள். நாற்று கொடுத்தவனைத் திட்டிப் பார்த்தார்கள். அம்மா முனீஸ்வரனுக்குப் பொங்கல் வைத்து, அதே கம்பத்தில் இன்னொரு லைட் போடச் சொன்னாள். அப்புறம் மோட்டார் ரூம் மூலையில் மட்டும், கொஞ்சம் இடத்தில், மஞ்சளாக மொட்டு வெடித்தது.

அதுதான் சுகுணாவுக்கு வினையாகப் போயிற்று. அவள் கை படாத மூலை அது ஒன்றுதானே.

தீபாவளிக்குப் போன என்னிடம் அம்மா குரலைத் தாழ்த்திக்கூடப் பேசவில்லை. சுகுணா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருக்கும்போதே சொன்னாள்.

"கிள்ளின கை ராசியில்லாத கை. கண்ணால பாத்தாச்சு. தைக்குள்ள பூக்கலைன்னா அவ ஆத்தா வூட்டுக்குப் போவட்டும். அப்பால ஆனது ஆவட்டும்."

"செடி பூக்காததுக்கு அவ இன்னாம்மா பண்ணுவா?"

"நீ கட்டிக்குடுத்துப் போனவ. வந்தியா, பலகாரம் தின்னியா, போ."

தம்பி மோட்டாரைப் பார்க்கப் போவதாகச் சொல்லி எழுந்து போய்விட்டான். அவன் எப்போதும் அப்படித்தான். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இங்கே குடம் உடையவே இல்லை, பழி மட்டும் விழுந்துவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் பட்சணத்தை அங்கேயே வைத்துவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டேன்.

மாடியில் இருந்தவளிடம் இதைச் சொன்னபோது அவள் சுகுணாவுக்காகக் கோபப்படவும் இல்லை, மூடநம்பிக்கை என்று பிரசங்கம் பண்ணவும் இல்லை. "அந்த மூலைல பூத்த எடம் என்ன வடிவத்துல இருக்குக்கா?" என்று கேட்டாள். பூத்த இடத்துக்கு வடிவம் வேறயா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. இருந்தும் வந்த ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போனேன்.

கனகம்மாசத்திரம் ரோட்டில் இறங்கி உள்ளே நடந்து போகிற ஊர் எங்களுடையது. கழனிக்குப் போனதும் அவள் நேராக அந்த மூலைக்குப் போனாள். மஞ்சள் பூத்திருந்த இடத்தின் வரப்பில் நின்று பார்த்தாள். மோட்டார் ரூம் சுவரில் குறுகலாகத் தொடங்கி, போகப் போக அகன்று, ஓரத்தில் கோடு கிழித்த மாதிரி நேராக முடிந்திருந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் பூ, அந்தப் பக்கம் வெறும் பச்சை. பிறகு புடவையைச் சொருகிக்கொண்டு பூத்த செடி ஒன்றின் பக்கத்தில் குந்தினாள். தலையைச் சாய்த்து, முகத்தை இலையோடு இலையாக வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழனியின் அந்தக் கோடியைப் பார்த்தாள். எழுந்து அடுத்த செடி. அடுத்தது. அம்மா என்னிடம், "இது இன்னாடி, செடிகூட ரகசியம் பேசுது?" என்றாள்.

அவள் என்னைக் கூப்பிடவில்லை. தூரத்தில் நின்றிருந்த சுகுணாவைக் கூப்பிட்டாள்.

"சுகுணா, இங்க வந்து என்னை மாதிரி குந்து. இலை இருக்கிற உயரத்துக்குக் கண்ணை வை. அங்க என்ன தெரியுது?"

"மோட்டார் ரூம் செவுரு தெரியுது."

"இப்ப இந்தப் பூக்காத செடிக்கு வா. இங்கேருந்து?"

சுகுணா ஒரு முழம் நகர்ந்து குந்தினாள்.

"லைட்டு தெரியுது அக்கா."

திரும்பப் பூத்த செடிக்குப் போனாள். சுவர். பூக்காத செடிக்கு வந்தாள். லைட். இன்னொரு வரிசை. அங்கேயும் அப்படியே. அந்தப் பெண் குந்தியபடியே வரிசை வரிசையாக நகர்ந்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. பட்டப்பகல், லைட் எரியக்கூட இல்லை. எந்தச் செடியிலிருந்து பார்த்தால் கம்பத்து லைட் கண்ணுக்குத் தெரிகிறதோ அது பூக்கவில்லை. எதற்குச் சுவர் மறைக்கிறதோ அது பூத்திருந்தது. நானும் குந்திப் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"செடி பகலை அளக்கறதில்ல, ராத்திரியை அளக்குது" என்று வரப்பில் உட்கார்ந்து சொன்னாள் அவள். "சாமந்திக்கு நீளமான இருட்டு வேணும். நடுவுல கலையாத இருட்டு. ஐப்பசி, கார்த்திகையில ராத்திரி கொஞ்சம் நீளுது, நமக்கே அது தெரியறதில்ல. இலைக்குத் தெரியுது. இலைக்குள்ள வெளிச்சத்தைப் பாக்கறதுக்குன்னே ஒரு புரதம் இருக்கு. வெளிச்சம் பட்டா ஒரு மாதிரி மாறும், இருட்டுல மெதுவா பழையபடி திரும்பும். இருட்டு போதுமான நேரம் இருந்துச்சுன்னா இலை இன்னொரு புரதத்தைச் செஞ்சு, சர்க்கரை போற குழாய் வழியா நுனிக்கு அனுப்பும். இலை போட்டது போதும், பூ போடுன்னு அதான் நுனிக்குச் சொல்லும்."

"லைட்டு எரிஞ்சா?" என்றாள் சுகுணா.

"அப்ப வேற ஒரு புரதத்தை அனுப்பும். அது நுனியில அதே எடத்துல போய் உக்காந்துக்கும். பூக்கச் சொல்ற புரதம் வந்தாலும் அதுக்கு உக்கார எடம் இருக்காது."

"திருப்பதி பஸ்ஸுல ஜன்னல் வழியா துண்டப் போட்டு எடம் புடிச்சு வெக்கிறாப்ல."

அவள் சுகுணாவை அப்படியே பார்த்தாள். "அதேதான்" என்றாள். பிற்பாடு சென்னையில் பெரிய கூட்டத்தில் பேசும்போதுகூட அந்தத் துண்டைத்தான் சொன்னதாக என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

சுகுணாவின் முகம் சட்டென்று வாடியது. "அப்ப என் கையாலதான் ஆச்சா? நான்தானே தெனம் சுவிட்சு போடறேன்."

"யார் போட்டாலும் இலைக்கு ஒண்ணுதான்ம்மா. இலை கையைப் பாக்கறதில்ல."

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "வேண்டிக்கின வெளக்க அணைக்க முடியாது" என்றாள் முடிவாக. "சாமி வெளக்கால பூ கெடுமா? இன்னா பேச்சு இது."

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "அணைக்க வேணாம்மா. நீங்க சொல்றது சரியா, நான் சொல்றது சரியான்னு எனக்கும் நிச்சயமாத் தெரியல. செடியையே கேட்டுப் பாக்கலாம். நடுவுல ஒரு படுதா கட்டுவோம். பாதிக் கழனிக்கு வெளக்கு வெளிச்சம் விழட்டும். அந்தப் பாதியில சுகுணா கால் வெக்கவே கூடாது, நீங்களே பாத்துக்குங்க. இன்னொரு பாதி இருட்டுல இருக்கட்டும். அதுல தண்ணி கட்டறது, களை எடுக்கறது எல்லாம் சுகுணா மட்டும்தான். அவ கைதான் காரணம்னா, அந்தப் பாதி பூக்கக் கூடாது இல்லையா?"

அம்மா யோசித்தாள். மருமகள் கைராசியை ஊருக்கே நிரூபிக்க இதைவிட நல்ல வழி இல்லை என்று பட்டிருக்க வேண்டும். "ஆங், செய்யி" என்றாள்.

வேர்க்கடலை காயப்போடுகிற கறுப்புத் தார்ப்பாயைச் சவுக்குக் கொம்பில் கட்டி தம்பி கழனியை இரண்டாக்கினான். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டே வந்தாள்.

"என்ன?" என்றேன்.

"நான் சாமந்தியில வேலையே செஞ்சதில்லக்கா. எல்லாம் படிச்சதுதான். செடி வேற முத்திப் போச்சு. அந்த இருட்டுப் பாதி பூக்காம போனா, அந்தப் பொண்ணு தப்பு பண்ணினதா நானே நிரூபிச்ச மாதிரி ஆயிடும்."

அதுவரை எனக்கு அது தோன்றவில்லை. படுதா கட்டாமல் இருந்திருந்தாலாவது சுகுணாவுக்கு ஆதரவாக நாலு வார்த்தை சண்டை போடலாம். இனி செடி சொன்னால் சொன்னதுதான்.

அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் போனோம். சித்தூர் போக வேண்டிய ஞாயிறுகளில்கூட நைனாவுக்குப் போனில் சாக்குச் சொல்லிவிட்டு வந்தாள். கார்த்திகை முடியப் போகிற சமயம், மொட்டு என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. இரண்டு பாதியும் ஒரே பச்சை. அம்மாவின் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. சுகுணா தன் பெட்டியைத் தூசி தட்டி வைத்திருந்ததை நான் பார்த்தேன்.

அன்றைக்கு அவள் இரண்டு பாதியிலிருந்தும் கொஞ்சம் நுனிகளைக் கிள்ளி ஈரத் துணியில் சுற்றி, சுகுணாவையும் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தாள். மாடியில் அவளிடம் ஒரு பழைய மைக்ராஸ்கோப் இருந்தது. ஊசியால் இலைகளை ஒவ்வொன்றாக உரித்து, உரித்து, கண்ணுக்கே தெரியாத நடு நுனி மட்டும் மிஞ்சுகிற வரை போனாள். முதலில் வெளிச்சப் பாதி. சுகுணாவைப் பார்க்கச் சொன்னாள். கூம்பாக ஒரு சின்ன மேடு, பக்கத்தில் இலைகள். அப்புறம் சுகுணா பாதி.

சுகுணா நீண்ட நேரம் கண்ணை எடுக்கவில்லை. எனக்கும் பொறுமை போய், அவளை நகர்த்திவிட்டுப் பார்த்தேன். கூம்பு இல்லை. மேடு அகன்று, இட்லி மாதிரி உப்பியிருந்தது. அதன் ஓரத்தில் வரிசையாக, நெருக்கமாக, முத்து முத்தாகப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஓர் இதழ் ஆகப் போகிறது என்றாள் அவள். கடுகில் கால்வாசிகூட இருக்காது அந்த நுனி. அதற்குள் ஒரு முழுச் சாமந்தி உட்கார்ந்திருந்தது. கழனியில் இன்னும் யார் கண்ணுக்கும் தெரியாமல் செடி முடிவு பண்ணியிருந்தது. திருத்தணி மலைக் கோயிலில் எத்தனையோ கிருத்திகைக்குக் கூட்டத்தில் நசுங்கி நின்று கும்பிட்டிருக்கிறேன். அன்றைக்கு அந்தக் கண்ணாடிக்கு மேல் குனிந்தபோது வந்த மாதிரி எனக்கு எப்போதும் கை தானாகக் குவிந்ததில்லை.

திரும்பிப் பார்த்தால் டாக்டரம்மா சுவரோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். "ஏம்மா?" என்றேன். "கேட்டோம், சொல்லிடுச்சுக்கா" என்றாள்.

"வூட்டுல சொல்லட்டுமா?" என்று கேட்டாள் சுகுணா.

"வேணாம். அது தானா சொல்லும்."

பிள்ளை உண்டான சேதியை முதலில் தெரிந்துகொண்டவள் மாதிரி சுகுணா பஸ் ஏறிப் போனாள். மாமியாரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். தினமும் சாயங்காலம் போய்ச் சுவிட்சைப் போட்டுவிட்டு, தன் பாதிக்குத் தண்ணீர் கட்டியிருக்கிறாள்.

மார்கழியில் அந்தப் பாதி முழுக்க மொட்டு. தையில் மஞ்சள். நடுவில் தார்ப்பாயின் நிழல் எங்கே முடிந்ததோ அங்கே பூவும் முடிந்தது. வரப்பு மாதிரி நேர்கோடு. ஒரு செடி சரியாகக் கோட்டின் மேல் இருந்தது. இருட்டுப் பக்கக் கிளை பூத்திருந்தது, வெளிச்சப் பக்கக் கிளை வெறும் இலை. எல்லோரும் பூவைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் அந்த ஒரு செடியின் முன்னால் குந்தி, வாய் பிளந்து, கோயிலுக்கு முதல்முறை வந்த குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்குள் நடப்பதை எல்லாம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

தைக் கிருத்திகைக்கு முந்தின நாள். முதல் பறிப்பு மலைக்குப் போக வேண்டும். எப்போதும் அம்மாதான் முதல் பூவைப் பறிப்பாள், வேறு யாரும் தொட்டுவிட முடியாது. அம்மா கோட்டருகே வந்து நின்றாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். சுகுணாவைக் காலடி வைக்கவிடாமல் தான் காத்த பாதியில் ஒரு மொட்டு இல்லை. கையிலிருந்த கூடையைச் சுகுணாவிடம் நீட்டினாள்.

"நீயே கிள்ளு" என்றாள்.

மன்னிப்பு என்று வேறு எதுவும் எங்கள் அம்மா வாயிலிருந்து வராது. சுகுணாவுக்கு அது போதுமாக இருந்தது. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு முதல் பூவைக் கிள்ளினாள்.

அன்று சாயங்காலம் அம்மாவே தம்பியைக் கூப்பிட்டு இரண்டு லைட்டின் முகத்தையும் முனீஸ்வரன் பக்கம் திருப்பச் சொன்னாள். "சாமிக்குப் போட்ட வெளக்கு, சாமி மூஞ்சில அடிக்கட்டும். செடி மூஞ்சில இன்னாத்துக்கு?" மிச்சப் பாதி மாசி கழியும்போது பூத்தது. அப்போது வேறு யார் கழனியிலும் சாமந்தி இல்லை. முனீஸ்வரன்தான் பாதியை நமக்காகப் பிடித்து வைத்திருந்து கொடுத்தான் என்று அம்மா ஊரெல்லாம் சொன்னாள். இதைக் கேட்டு நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவளோ, "விளக்கு அவரோடதுதானேக்கா, அதுவும் சரிதான்" என்றாள்.

அடுத்த வருஷம் அவள் வேலை பார்த்த ஆராய்ச்சித் திட்டம் முடிந்தது. வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். போகும்போது தயிர் டப்பாக்களில் வளர்த்த, கடுகுக்குச் சொந்தமான அந்தக் களைச்செடிகளை என்னிடம் விட்டுப் போனாள். இரண்டே வாரத்தில் நான் காய வைத்துவிட்டேன். சில காலம் போன் பேசினோம். அப்புறம் அதுவும் நின்றது. இப்போது எங்கே இருக்கிறாளோ, எந்த அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்கிறதோ.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். சுகுணாவின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயசு. பக்கத்துக் கழனிக்காரி வந்து அம்மாவிடம் புலம்பிக்கொண்டிருந்தாள். அவர்கள் வீட்டுக்குப் புது மருமகள் வந்ததிலிருந்து கத்தரி காய்க்கவில்லையாம். அந்தப் பெண் நாலடி தள்ளித் தண்ணீர்ச் சொம்போடு நின்றிருந்தது. முகம் எனக்குத் தெரிந்த முகமாக இருந்தது, தீபாவளியன்று வாசலில் கோலம் போட்ட முகம்.

அம்மாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. முட்டி மடங்காது. கம்பை ஊன்றிக்கொண்டு எழுந்து, வரப்போடு நடந்து, அந்தக் கத்தரிக் கழனிக்குள் போனாள். கம்பைக் கீழே போட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு, மெள்ள மெள்ள, ஒரு செடியின் பக்கத்தில் குந்தினாள். தலையைச் சாய்த்து, இலையோடு முகத்தை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னா பெரியம்மா பண்றே?" என்றாள் பக்கத்துக் கழனிக்காரி.

"அந்தப் பொண்ண வுடு. நீயும் வந்து குந்து. செடி இன்னா பாத்துகினு கீதுன்னு மொதல்ல பாரு."

அவள் தயங்கி நின்றாள். அந்த மருமகள் சொம்பை வரப்பில் வைத்துவிட்டு வந்து, எங்கள் அம்மா பக்கத்தில் குந்தியது.